வடிக்காமல் விட்டது

சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்த சில நூறு பேரின் கடவுச்சொற்களை, பூட்டாமல் மறைக்காமல், என் பொறுப்பில் இருந்த சர்வரின் நினைவகத்தில் நாலு வருஷம் வைத்திருந்தேன். வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவை ஒருநாள் வெளியே போயின. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. 'இது என்ன சார்?' என்று கேட்ட ஒரே ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன்.

இப்படி வரிசையாகச் சொன்னால் பெரிய கைகாரன் வேலை மாதிரி தெரிகிறது. அவ்வளவு சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. சோம்பல், ஒரு சக ஊழியர்மேல் வீம்பு, அடுத்தவர் சமாசாரத்தை எட்டிப் பார்க்கும் புத்தி, மூன்றும் சேர்ந்து செய்த காரியம் இது.

எனக்கு ஊர் விருத்தாசலம் பக்கம் நல்லூர். அப்பா விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மையும் ஜாடியும் வார்த்தார். நான் படித்துவிட்டுச் சென்னைக்குப் போய், டைல்ஸ், வாஷ்பேசின், குழாய் எல்லாம் மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்தேன். 'அப்பன் வார்க்கிறான், மகன் பில்லு போடுறான்' என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். பில் போடும் மென்பொருளை எழுதும் கூட்டத்தில் நானும் ஒருவன் என்று விளக்கப் போனால் கிண்டல் இன்னும் கூடும் என்பதால் விட்டுவிட்டேன்.

2016-ல் அந்த நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு இணையதளம் கட்டினோம். கிளைகளில் இருக்கிறவர்கள் பிரவுசரிலேயே இருப்பு பார்க்கலாம், ஆர்டர் போடலாம். ஊழியர் உள்ளே நுழையும் வாசல், அதாவது லாகின் பகுதி, என் தலையில் விழுந்தது. அங்கே நான் என்ன செய்தேன் என்று சொல்ல, வாசல் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது ஒரு காலத்தில் அந்தந்த மென்பொருளின் சொந்த வேலையாக இருந்தது. யூனிக்ஸ் கணினியில் நேரே நுழைய ஒரு நிரல், கோப்பு அனுப்ப ஒரு நிரல், தொலைவிலிருந்து இணைய வேறொரு நிரல். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் சரிபார்க்கும் பகுதி தனித்தனியாக இருக்கும். முறையை மாற்ற நினைத்தால் அத்தனையையும் திறந்து கைவைக்க வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த விபின் சமர், சார்லி லாய் என்ற இருவர் 1990-களின் நடுவில் இதைப் பிரித்துப்போட ஒரு வழி எழுதினார்கள். நிரல் 'இவர் சரியான ஆள்தானா?' என்று மட்டும் கேட்கும். பதில் சொல்வது தனியாகச் செருகிக்கொள்ளக்கூடிய மாட்யூல்கள். எந்த மாட்யூல், எந்த வரிசையில், எது தேறியே ஆக வேண்டும், எது தேறினால் அதுவே போதும் என்பதையெல்லாம் ஒரு சின்னக் கோப்பில் நிர்வாகி எழுதிவைப்பார். நிரலைத் தொடவே வேண்டாம். பேம் என்ற பெயரில் இது லினக்ஸுக்கும் வந்து, இன்று நம் வங்கி, கல்லூரி, அரசு அலுவலகம் என்று எங்கே லினக்ஸ் சர்வர் இருந்தாலும் அநேகமாக அதன் வாசலில் நிற்கிறது.

அதே யோசனையை ஜாவா மொழிக்குக் கொண்டுவந்தவர்களிலும் அந்தச் சார்லி லாய் இருந்தார். ஜாஸ் என்று பெயர். 2002-ல் வந்த ஜாவா 1.4 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. இதில் நம் தேவைக்கு ஏற்ற லாகின் மாட்யூலை நாமே எழுதிச் செருகலாம். எழுதுகிறவர் சில வேலைகளை நிரப்பித் தர வேண்டும். ஆளைச் சரிபார்ப்பது லாகின். வரிசையில் உள்ள எல்லா மாட்யூலும் சேர்ந்து தேறிய பிறகு முடிவை உறுதி செய்வது கமிட். தேறாவிட்டால் கலைத்துவிடுவது அபார்ட். ஆள் வெளியேறும்போது துடைப்பது லாகவுட். தேறியவருக்காக சப்ஜெக்ட் என்று ஒரு பெட்டி உருவாகும். அவர் யார் என்பது அதில் இருக்கும். அதோடு அவருடைய சான்றுகளும் இரண்டு அறைகளில் இருக்கும். ஒன்று பொது, ஒன்று அந்தரங்கம்.

அந்த அந்தரங்க அறையில் எதை வைப்பது, எப்போது எடுப்பது என்பதை மாட்யூல் எழுதுகிறவன்தான் தீர்மானிக்கிறான். வெளியேறும்போது எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறது. சொல்லத்தான் முடியும். செய்தானா என்று யாரும் சோதிப்பதில்லை.

பழைய பேம் இந்த விஷயத்தில் கறாரானது. பயனர் தட்டிய கடவுச்சொல்லை அது மாட்யூல்களுக்கு மட்டுமே காட்டும். அவற்றைக் கூப்பிட்ட நிரல் எட்டிக் கேட்டால்கூடத் தராது. லினக்ஸில் சரிபார்ப்பு முடிந்த கையோடு அதை அழித்தும்விடும். ஜாவாவில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு மாட்யூல் வாங்கிய கடவுச்சொல்லை அடுத்த மாட்யூலுக்கும் கொடுப்பதற்காகப் பொதுவான ஓர் இடத்தில் வைக்கலாம், ஆளை இரண்டு தடவை கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பதற்காக. வேலை முடிந்ததும் அதைத் துடைக்கவும் ஒரு விருப்பத்தேர்வு உண்டு. தேர்வுதான். நான் தேர்வு செய்யவில்லை.

எங்கள் நிறுவனத்தில் சரக்கு இருப்பெல்லாம் ஒரு பழைய ஆரக்கிள் தரவுத்தளத்தில் இருந்தது. அதில் ஊழியர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கணக்கு. யார் எந்த ரசீதைத் திருத்தினார் என்பது அந்தக் கணக்கின் பெயரில்தான் பதிவாகும். தணிக்கையாளர்கள் கேட்பது அந்தப் பதிவைத்தான். ஆகவே புதிய இணையதளமும் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக அந்தத் தரவுத்தளத்துக்குள் போக வேண்டும். போக வேண்டுமென்றால் கடவுச்சொல் வேண்டும்.

இதற்கு நேர்மையான வழி ஒன்று இருந்தது. இணையதளத்துக்கென்று ஒரு பொதுக் கணக்கு வைத்துக்கொண்டு, 'இந்தக் கணக்கு இன்னாருக்குப் பதிலாக உள்ளே வரலாம்' என்று தரவுத்தளத்திலேயே அனுமதி கொடுத்துவிடலாம். ஆரக்கிளில் அது ஆளுக்கு ஒரு வரிக் கட்டளை. ஊழியரின் கடவுச்சொல்லை நாம் வைத்திருக்கவே வேண்டாம். பதிவில் மட்டும் அவர் பெயர் இருக்கும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. கட்டளையைப் போட வேண்டியவர் தரவுத்தள நிர்வாகி. அவருக்கும் எனக்கும் அந்த வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. லீவு விஷயத்தில் நான் ஒன்று சொல்ல, அவர் எல்லோர் முன்னாலும் ஒன்று சொல்ல, அதிலிருந்து கேன்டீனில் வேறு வேறு மேஜை. அவரிடம் போய் 'ஒரு உதவி' என்று நிற்க மனசு வரவில்லை.

அதனால் கடவுச்சொல்லையே வைத்துக்கொண்டேன். ஊழியர் தட்டியதைச் சரிபார்த்த கையோடு சப்ஜெக்டின் அந்தரங்க அறையில் போட்டேன். தரவுத்தளத்தோடு பேச வேண்டிய ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொடுத்தேன். அதையும் ஸ்ட்ரிங் என்ற வகையில் வைத்தேன். ஜாவா படித்த யாருக்கும் இது தெரியும்: ஸ்ட்ரிங்கை உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது, அதனால் அழிக்கவும் முடியாது. குப்பை அள்ளும் வேலை எப்போது நடக்கிறதோ அதுவரை நினைவகத்தில் எங்கேயாவது கிடக்கும். எழுத்துகளின் வரிசையாக, கேரக்டர் அரே என்று சொல்வதில், வைத்தால் வேலை முடிந்ததும் ஒவ்வோர் எழுத்தின்மேலும் சுழியம் எழுதிவிடலாம். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும் ஜாவாவின் சொந்தக் கருவியே அதனால்தான் எழுத்து வரிசையாகத் தருகிறது, துடைக்க ஒரு கட்டளையும் சேர்த்துத் தருகிறது. எனக்கு அது வசதிப்படவில்லை. தரவுத்தள இணைப்பு ஸ்ட்ரிங் கேட்டது, ஸ்ட்ரிங் ஆக்கிக்கொண்டேன்.

லாகவுட் பகுதியில் ஒரே வரி எழுதினேன். 'ஆயிற்று' என்று பதில் சொல்லும் வரி. எதையும் எடுக்கவில்லை, எதையும் துடைக்கவில்லை. மேலே ஒரு குறிப்பு மட்டும் போட்டுவைத்தேன்: பிறகு சரிசெய்ய வேண்டும். மென்பொருள்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இதைவிடப் பெரிய புளுகு கிடையாது.

அதிலும், ஊழியர்களில் பாதிப் பேர் வெளியேறும் பொத்தானை அழுத்தவே மாட்டார்கள். பிரவுசரை மூடிவிட்டுப் போவார்கள். அவர்களுடைய அமர்வு காலாவதியாகும்வரை பெட்டி அப்படியே இருக்கும். நான் அந்தக் காலாவதியையும் நீட்டிவைத்திருந்தேன், கிளைகளிலிருந்து 'அடிக்கடி வெளியே தள்ளுது' என்று புகார் வந்ததால்.

பீங்கான் கம்பெனியில் சின்ன வயசில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிளாஸ்டர் அச்சில் களிமண் கரைசலை, அதற்கு ஸ்லிப் என்றுதான் அங்கே பெயர், விளிம்புவரை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரோரமாக மண் படிந்து கனமாகும். வேண்டிய கனம் வந்ததும் அச்சைக் கவிழ்த்து மிச்சத்தை வடித்துவிட வேண்டும். வடிக்க மறந்தால் உள்ளே கெட்டியாகிவிடும், காயும்போதோ சூளையிலோ வெடிக்கும், பக்கத்திலிருக்கும் சாமானும் சேர்ந்து போகும். ஊற்றுவதை எவனும் செய்வான், எப்போது கவிழ்ப்பது என்று தெரிந்தவன்தான் வேலைக்காரன் என்பார் அப்பா. நான் ஊற்றியதோடு எழுந்து போய்விட்டேன்.

2018 மே மாதம் ட்விட்டர் ஒரு செய்தி வெளியிட்டது. கடவுச்சொற்களை உருமாற்றிச் சேமிப்பதற்கு முன்பே அவை உள்பதிவு ஒன்றில் அப்படியே எழுதப்பட்டுவிட்டன, யாரும் திருடியதாகத் தெரியவில்லை, ஆனாலும் எல்லோரும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னது. அப்போது அதற்கு 33 கோடி பயனர்கள். அடுத்த வருஷம் மார்ச்சில் ஃபேஸ்புக்கும் அதே மாதிரி ஒன்றை ஒப்புக்கொண்டது. கோடிக்கணக்கானவர்களின் கடவுச்சொற்கள் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தேடிப் பார்க்கக்கூடிய இடத்தில் கிடந்தன. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் 9.1 கோடி யூரோ அபராதம் போட்டது.

ட்விட்டர் செய்தியை ரயிலில் போகும்போது செல்போனில் படித்தேன். எனக்கு உடனே என் மாட்யூல் நினைவுக்கு வந்தது. 'நம்முடையது பதிவுக் கோப்பில் இல்லையே, நினைவகத்தில்தானே' என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் ஒரு தொழில்நுட்ப நியாயம்கூட இருப்பதாகத் தோன்றியது. நினைவகம் மின்சாரம் போனால் அழிந்துவிடும், யார் போய் அதைப் படிக்கப்போகிறார்கள்?

படிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அதை ஏற்பாடு செய்து வைத்தவனும் நானே. ஜாவா சர்வருக்கு நினைவகம் போதாமல் மூச்சு முட்டும்போது, அந்த நொடியில் உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு கோப்பாக வட்டில் கொட்டிவிடும்படி அமைக்கலாம். ஹீப் டம்ப் என்பார்கள். எந்தப் பொருள் இடத்தை அடைத்தது என்று பிறகு ஆற அமர ஆராயலாம். நல்ல கருவிதான். ஆனால் கொட்டும்போது எல்லாம்தான் கொட்டும். அந்தரங்க அறை, பொது அறை என்றெல்லாம் பார்க்காது.

2020-ல் ஊரடங்கு வந்ததும் நான் நல்லூருக்கு வந்துவிட்டேன். மாடியறையில் அம்மாவின் தையல் மிஷின்மேல் லேப்டாப். கிளைகள் மறுபடி திறந்து ஆர்டர் குவிய ஆரம்பித்ததும் சர்வர் விழுந்தது. எழுப்பினோம், மறுபடி விழுந்தது. பராமரிப்புக்கென்று ஒப்பந்தம் போட்டிருந்த வெளி நிறுவனம் ஹீப் டம்ப் கேட்டது. சில ஜிபி அளவுள்ள கோப்பு. சென்னையிலேயே யாராவது அனுப்பியிருக்கலாம், அலுவலகத்தில் ஆள் இல்லை. நானே ராத்திரியில் லேப்டாப்பில் இறக்கினேன், விடியும்வரை ஓடியது. இங்கிருந்து ஏற்றுவதற்குச் செல்போன் நெட் தாங்கவில்லை, பாதியில் அறுந்து அறுந்து போனது. பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி விருத்தாசலம் போய், ஒரு பிரவுசிங் சென்டரில், முகக்கவசத்துக்கு மேலே வியர்வை வழிய உட்கார்ந்து ஏற்றி அனுப்பினேன். கோப்புக்குப் பூட்டு எதுவும் போடவில்லை. பொறுப்பான ஊழியன் என்று அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. மேலதிகாரிகூட பாராட்டி ஒரு மெயில் போட்டார்.

கணக்குப் பாருங்கள். சர்வரில் ஒரு பிரதி, என் லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, பிரவுசிங் சென்டர் கணினியில் தற்காலிகமாக ஏதாவது தங்கியிருந்தால் அதில் ஒன்று, வெளி நிறுவனத்தில் எத்தனை பேர் இறக்கினார்களோ அத்தனை. அந்தப் பென்டிரைவை அடுத்த வாரம் அக்கா மகன் கேட்டான், சினிமா ஏற்ற. அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். அழிப்பது என்றால் எப்படி என்று எனக்குத் தெரியாதா? பெயரை மட்டும் எடுத்துவிட்டேன், உள்ளே உள்ளது உள்ளே கிடந்தது. அது எத்தனை வீடு சுற்றியது என்று அவனுக்கே தெரியாது.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். கற்றுக்கொள்ளும் ஆசையில் அந்த டம்பை அவளும் வாங்கி, ஆராயும் மென்பொருளில் திறந்து பார்த்திருக்கிறாள். நினைவகம் எங்கே போகிறது என்று நோண்டிக்கொண்டே போனவள் என் மாட்யூலின் பெட்டியில் போய் நின்றாள். போன் வந்தது.

'சார், சப்ஜெக்ட்ல பேர் பேரா ஏதோ ஸ்ட்ரிங் இருக்கு. பாஸ்வேர்டு மாதிரி தெரியுது. இது என்ன சார்?'

'அது டெஸ்ட் டேட்டாம்மா' என்றேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இந்த வேகத்தில் நான் எந்தப் பிழையையும் திருத்தியதில்லை.

'ஓ, சரி சார்' என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் எழுத வேண்டுமா வேண்டாமா என்று பல நாள் தள்ளிப்போட்டேன். போனை வைத்ததும் பதறிப்போய் எல்லாவற்றையும் மூடியிருக்க வேண்டும். நானோ அந்தக் கோப்பை என் லேப்டாப்பில் திறந்தேன். எவ்வளவு வெளியே தெரிகிறது என்று மதிப்பிட வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். முதல் சில பெயர்களுக்கு அந்தக் காரணம் உண்மைதான். பிறகு படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கடவுச்சொல்லைப் பற்றி நாம் மேடையில் பேசும்போது எழுத்து, எண், குறியீடு என்று பேசுவோம். கொத்தாகப் பார்த்தால் அது மனுஷர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது. பிள்ளை பெயர், குலசாமி, நடிகர், முதல் வண்டியின் எண். ஒருவர் தன் முதலாளியைத் திட்டி வைத்திருந்தார். மாதா மாதம் மாற்றச் சொன்னதால் மாசத்தின் பெயரையே கடைசியில் ஒட்டிக்கொண்டே போனவர்கள் நிறைய. இவர்களில் எத்தனை பேர் இதே சொல்லை மெயிலுக்கும் வங்கிக்கும் வைத்திருப்பார்கள் என்று என் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் என்று.

பிறகு ஒருவரை மட்டும் பெயர் போட்டுத் தேடினேன். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு மூத்தவர். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கூட்டத்தில் என் மென்பொருளைக் காட்டி 'இது கம்ப்யூட்டரா, காயலான் கடையா' என்று கேட்டுச் சிரிக்க வைத்தவர். அவருடையது கிடைத்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அது யாரோ ஒருவரின் பெயர் என்பதையும், அந்தப் பெயரில் அவர் வீட்டில் யாரும் இல்லை என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் மட்டும் சொல்கிறேன். அதன் பிறகு வீடியோ கூட்டங்களில் அவர் எரிந்து விழும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. பெருந்தன்மை இல்லை அது. அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் ஒன்று எனக்குத் தெரியும் என்ற அற்பச் சந்தோஷம்.

அடுத்த வாரம் தரவுத்தள நிர்வாகிக்கு நானே போன் செய்தேன். குடும்பம், அம்மா உடம்பு, ஊரில் நிலவரம் எல்லாம் பேசிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். 'இதுக்கா நாலு வருஷம் இழுத்தீங்க?' என்றார். அன்று சாயங்காலத்துக்குள் கட்டளைகளைப் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் மாட்யூலை மாற்றி எழுதினேன். கடவுச்சொல் வரும், எழுத்து வரிசையாகவே சரிபார்க்கப்படும், அங்கேயே துடைக்கப்படும். பெட்டியில் பெயர் மட்டும். லாகவுட்டில் அந்தப் பெயரையும் எடுக்கும் வரிகள். 'பிறகு சரிசெய்ய வேண்டும்' குறிப்பை நீக்கினேன். மாற்றத்துக்கான விளக்கத்தில் 'நினைவகப் பயன்பாடு குறைப்பு' என்று எழுதினேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

ஓட்டையை அடைத்தது ஒரு வேலை. ஊழியர்களிடம் சொல்வது இன்னொரு வேலை, அதை நான் செய்யவில்லை. உங்கள் கடவுச்சொல் பல பேர் கைக்குப் போன ஒரு கோப்பில் இருந்தது, வேறெங்கும் இதையே வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள் என்று ஒரு வரி போதும். சர்வரை எத்தனை கெட்டிப்படுத்தினாலும் அந்தக் கோப்பு ஏற்கெனவே வெளியே இருக்கிறது. அதிலிருந்து அவர்களைக் காப்பது அந்த ஒரு வரிதான்.

சட்டம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகளில், எவையெல்லாம் உணர்திறன்மிக்க தனிப்பட்ட தகவல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வங்கி விவரம், உடல்நலம், கைரேகை எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் இடத்தில், கடவுச்சொல். நிறுவனத்துக்காக அந்த விதிகளைச் சுருக்கிக் கிளைகளுக்குச் சுற்றறிக்கை தயாரித்தவன் நான். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், தரவுக் கசிவு மாதிரியானவற்றைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதற்கும் சுற்றறிக்கை எழுதினேன். எழுதும்போது 2020-ல் நடந்தது பழைய கதை, உத்தரவு புதியது என்று ஒரு சட்டப்புள்ளி கண்டுபிடித்துக்கொண்டேன். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது. அதற்குள் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன், சுற்றறிக்கை எழுதும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் 'ஏன் வைத்திருந்தாய்?' என்று கேட்பார்கள். 'அவரோடு எனக்குப் பேச்சு இல்லை, அதனால்' என்பதுதான் உண்மையான பதில். அதை ஒரு மெயிலில் எழுத முடியவில்லை. வேலை போகும் என்ற பயம் அடுத்த இடத்தில்தான் இருந்தது.

போன வருஷம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். இப்போது பெங்களூரில் நல்ல நிலையில் இருக்கிறாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: அது டெஸ்ட் டேட்டா இல்லை.

'தெரியும் சார்' என்றாள். 'அதுல என்னோடதும் இருந்துச்சு. அன்னைக்கே எல்லா இடத்துலயும் மாத்திட்டேன். மத்தவங்ககிட்ட சொல்லலாமான்னு நினைச்சேன். நீங்க அப்படிச் சொல்லிட்டீங்க, நான் சேர்ந்து மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.'

என் ஒருவனுடைய மௌனம் என்று நினைத்திருந்தேன். அவளையும் அதில் உட்கார வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். 'பரவால்ல சார்' என்றாள், பேச்சை முடிக்கிற குரலில்.

அன்று இரவே நிறுவனத்துக்கு முழு விவரத்தையும் எழுதி அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது, அதோடு சரி. அந்த மென்பொருளையே அவர்கள் எப்போதோ மாற்றிவிட்டார்கள். பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்: 2016-லிருந்து 2020 வரை இந்தத் தளத்தில் பயன்படுத்திய கடவுச்சொல்லை இன்னும் எங்காவது வைத்திருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள், காரணம் நான். சிலர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் 'எந்த சாப்ட்வேர் தம்பி, அந்த நீலக் கலர்ல இருக்குமே அதுவா?' என்று கேட்டார். ஒருவர் கடுமையாகத் திட்டி எழுதி, கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டார். தரவுத்தள நிர்வாகி எதுவும் எழுதவில்லை.

அந்தக் கணக்குப் பிரிவு மூத்தவர் குழுவில் இல்லை, ஓய்வுபெற்றுவிட்டார். எண் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். நான் யார் என்று நினைவுபடுத்தவே நேரமானது. காயலான் கடை அவருக்கு ஞாபகமே இல்லை. விஷயத்தைச் சொன்னேன், எளிமையாக, தொழில்நுட்பம் இல்லாமல். நிதானமாகக் கேட்டார்.

'பேங்க்குலயும் அதேதான்ப்பா வச்சிருக்கேன். பேரன் ஞாயித்துக்கிழமை வருவான், மாத்திக் குடுக்கச் சொல்றேன்' என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, 'நீ பாத்தியா அதை? என்னன்னு ஞாபகம் இருக்கா?'

'பார்க்கல சார்' என்றேன். அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.